கீரி பிடித்த பாதி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாகச் சோறு வைக்க இடமில்லை. கோழிக்கூட்டின் வரைபடம் விரித்துக் கிடக்கிறது. வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்திருக்கும் என் வீட்டுக்காரர் கோழி வளர்க்கப் போகிறார். நாலே நாலு கோழி. அதற்குச் சுற்றிலும் கம்பிவலை, தானாகத் தண்ணீர் சொட்டும் குழாய், இருட்டிலும் பார்க்கிற காமெரா. விமான நிலையத்துக்குக்கூட இத்தனை காவல் இருக்குமா தெரியவில்லை. கோழி எப்போது வரும் என்று கேட்டேன்.

"மொதல்ல சிஸ்டம் ரெடியாவட்டு. கோழி பொறவு" என்றார்.

நேற்று கொட்டாரம் ஊர்த் தீவனக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். வாங்குவதற்கில்லை, விசாரிப்பதற்கு. கடைக்காரரிடம் அவர் புரதம், கால்சியம் என்று பரீட்சை நடத்திக்கொண்டிருக்க, நான் தவிட்டு மூட்டைப் பக்கம் ஒதுங்கினேன். அந்த வாசனை ஏறியதும் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. பழைய கஞ்சித் தண்ணீரில் கோழிக்குத் தவிடு பிசைந்த கையோடு என் தலையில் குட்டுவாள்.

அம்மாவும் கோழி வருமுன்பே திட்டம் போட்டவள்தான். காகிதம் கிடையாது, எல்லாம் வாயால். பக்கத்து வீட்டுத் தங்கம்மை அக்காவிடம் கோழிகள் ஏராளம். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையில் நின்றுதான் ஒப்பந்தம் ஆயிற்று. அடைக்கோழியும் முட்டையும் அக்கா கொடுப்பாள், அம்மா வளர்ப்பாள், குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. பாதிக்கு வளர்ப்பது என்பார்கள். குஞ்சு பொரிக்குமுன்பே அம்மா அவை இடப்போகும் முட்டைகளைப் பங்கிட்டுவிட்டாள். கொஞ்சம் போதகருக்கு, கொஞ்சம் அப்பாவின் இருமலுக்கு, மிச்சம் இருந்தால் எனக்கு.

குஞ்சுகள் ஓடத் தொடங்கியதும் கீரி வந்தது. மாலையில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடும்போது ஒன்று குறையும். (வட்டக்கோட்டைப் பக்கம் ஓர் ஓட்டலில் அதே மூங்கில் பஞ்சாரத்துக்குள் பல்பு மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் கீழே உட்கார்ந்து நாட்டுக்கோழி சூப் குடித்துவிட்டு வந்தோம்.) உடனே அம்மா துக்க வீட்டு முகத்தோடு வேலி ஓட்டைக்குப் போவாள்.

"எக்கா, உனக்க குஞ்சு ஒண்ணைக் கீரி கொண்டுபோச்சு."

எந்தக் குஞ்சு யாருடையது என்று அடையாளமே வைக்கவில்லை. ஆனாலும் செத்ததெல்லாம் தங்கம்மை அக்காவின் பங்கு என்பதில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. குடும்ப ஜெபத்தில், "எங்களுக்குத் தந்த குஞ்சுகளைக் காத்தருளும் ஆண்டவரே" என்பாள். அக்காவின் குஞ்சுகளுக்காக ஒரு வார்த்தை கிடையாது.

அக்கா ஒன்றும் ஏமாளி இல்லை. ஒருநாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, ஒங்க ஊட்டுக்கு வார கீரி நல்ல படிச்ச கீரியாக்கும். அத்தன குஞ்சுக்க நடுவில எனக்க குஞ்சா பாத்துல்லா எடுக்கு!"

"எனக்கு என்ன தெரியும்? கீரிட்ட கேளு."

கடைசியில் வளர்ந்து மிஞ்சியது ஒரு சேவலும் ஒரு பெட்டையும். ஆளுக்கொன்று என்றால் கணக்கு நேர்தான். ஆனால் இரண்டு பேருக்கும் பெட்டைதான் வேண்டும். பேச்சு நின்றது. சத்தம் நிற்கவில்லை. அம்மா கோழியைப் பார்த்து, "திங்கது இஞ்ச, விசுவாசம் அங்க" என்பாள். அந்தப் பக்கம் அக்கா தன் கோழியிடம், "ஜெபம் பண்ணுத ஊடுன்னு நம்பில்லா குடுத்தேன்" என்பாள். கோழிகள் பாவம், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் அறுத்துக் குழம்பு வைக்கச் சொன்ன அப்பாவுக்கு அன்று ரசம்தான் கிடைத்தது. இத்தனை வீம்பிலும் அம்மா மீன்குழம்பு வைத்தால் பழக்கதோஷத்தில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வேலிவரை போவாள். அங்கேயே சற்று நின்றுவிட்டுத் திரும்பி வருவாள்.

பிறகு அந்தப் பெட்டையே காணாமல் போயிற்று. ஒளித்தது நீ, தின்றது நீ என்று கோழிகள் வழியாகவே வழக்கு நடந்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில், கிளுவைத் தூர்களுக்கு நடுவே சருகுக்குள்ளிருந்து அது எழுந்து வந்தது, பின்னால் ஒரு படை குஞ்சுகளோடு. அவை ஓட்டையின் இரண்டு பக்கமும் சிதறி ஓடின. இரண்டு பெண்களும் குனிந்து பொறுக்கினார்கள். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சவம், நம்ம ரெண்டு பேரயும் பைத்தியம் ஆக்கிட்டே!"

அம்மா சிரித்தாள், சிரிப்பு அழுகையாகப் போயிற்று. மறுநாள் மாலை கீரி வந்தது. "எக்கா, உனக்க குஞ்சு ஒண்ணை..." என்று அம்மா தொடங்கியபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவின் வீடு எனக்கு வந்தது. கிளுவை நின்ற இடத்தில் தலைக்கு மேல் மதில், மேலே கண்ணாடிச் சில்லு. கட்டியது வேறு யாருமில்லை, நாங்கள்தான். அக்காவின் மனையில் யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய கார் ஹாரனை எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. ஆசை யாரை விட்டது? போன வாரம் அந்த வீட்டுப் பெண்ணின் காரை வாசலில் மறித்து, பாதிக்குக் கோழி வளர்க்கலாமா என்று கேட்டேன்.

"அய்யோ ஆன்ட்டி, ஸ்மெல் வரும்லா?" என்று சொல்லிக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

இன்று காலை வரைபடத்திலிருந்து நிமிர்ந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இஞ்ச கீரி உண்டுமா?"

"உண்டு. முன்ன எல்லாம் தங்கம்மை அக்காக்க கோழியத்தான் பிடிக்கும். இனி பிடிச்சா நம்ம கோழிதான்."

அவர் பென்சிலை எடுத்து வலையை இன்னொரு சுற்று வரைந்தார்.