கடல் வலது கைப்பக்கம்

நான் கோல்ஃப் ஆடியதில்லை. ஆனால் பதினைந்து வருடமாகக் கோல்ஃப் மைதானங்களை வரைந்துகொண்டிருக்கிறேன், திருவொற்றியூரில் ஒரு மாடி அறையில், தனியாக. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை; மூடினால் வேர்வை. மைதானங்களை வடிவமைப்பவர் பெங்களூரில் இருக்கிறார். அவர் மனதில் போடுவதை நான் கம்ப்யூட்டரில் போடுவேன்.

புல்லைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், காற்று எங்கிருந்து வரும், வெயில் யார் கண்ணில் அடிக்கும் என்றுதான் ஆரம்பிப்போம். கடைசிக் குழியை மேற்கே பார்த்து வைக்கக் கூடாது. சாயங்காலம் ஆடி முடிக்கிறவனுக்குக் கண் கூசும், பந்து போன இடம் தெரியாது.

போன வருடம் மேற்குக் கடற்கரையில் ஒரு மைதானம் வந்தது. "கடைசிக் குழியை, பதினெட்டாவதை, நீங்களே டிசைன் பண்ணுங்க. நல்லா வந்தா படத்துல உங்க பேரைப் போட்டுடலாம்" என்றார் பெங்களூர்க்காரர். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல் வலது கைப்பக்கம் வரும்படி படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன். எங்கள் ஏரியாவில் கிழக்கு என்று யாரும் சொல்வதில்லை. 'கடலாண்ட' என்றால் அதுதான். இரண்டு வாரம் மாய்ந்து மாய்ந்து வரைந்தேன். கடலைப் பார்த்தபடி ஆட்டம் முடியும், வெயில் முதுகில் விழும். காட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை. நானே எழுந்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டேன்.

அனுப்பிய மறுநாள் போன் வந்தது. "சார், அந்தக் கடல்ல சூரியன் மறையுது. நீங்க உதிக்க வெச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் போனதே இல்லையா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குக் கடுப்பாக இருந்தது. குழியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

போனதில்லைதான். என் ஒரே மகள் மூன்று வருடமாக மங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா இறந்தபிறகு எத்தனையோ முறை கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே தட்டிக்கழித்தேன். அன்று நானே போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சூரியன் கடல்ல எறங்குறத தெனம் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிகினு கீறேன்" என்றாள். "நீயும் தெனம் கட்டவிரலத் தூக்கிக் காட்டிகினு கீறே. ஒண்ணகூட தொறந்து பாக்கலயா நைனா?"