அத்தானின் கியர் சைக்கிள்

விடியற்காலையில் அக்கா போன் செய்தாள். "ஏலே, அத்தான் போயிட்டாவ. தூங்குதாவன்னுல்லா நெனச்சேன்," என்றாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "அவுக சைக்கிளக் கொண்டு வந்திரு. பக்கத்துல நிக்கட்டும்," என்றாள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நின்ற அந்தச் சைக்கிளில் செயின் இல்லை.

சிதம்பரம் அத்தான் என் அக்காவின் கணவர். பாளையங்கோட்டையில் எங்களுக்கு அடுத்த தெரு. அரசு அலுவலகத்தில் தலை நிமிராமல் வேலை பார்த்தவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். ஓய்வு பெற்ற கையோடு, மலைப்பாதையில் ஓட்டுகிற கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து குடும்பத்தையே சிரிக்க வைத்தார். அரைக்கால் சட்டையோடு தெருவில் போக அவருக்கு வெட்கம். மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு சைக்கிளை உருட்டியே போவார். சீவலப்பேரி சாலை வந்ததும் வேட்டியை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறுவார். திரும்பும்போதும் உருட்டல்தான். அந்தக் 'கிர்ர்' சத்தம் தெருமுனையில் கேட்டதும் அக்கா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

என்னையும் அவர் விடவில்லை. "வயிறு முன்னால வருது, நீரு பின்னால வாரீரு. கெளம்பும் வே மாப்ளே," என்பார். என் மகனின் பழைய சைக்கிளில் நானும் கிளம்பினேன். பாபநாசம் ஏற்றத்தில் ஒருநாள் அவருடைய செயின் பல்சக்கரத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நன்றாகத் தேய்ந்திருந்தது. புது செயின் வாங்கிய கடையில் தாங்களே மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். நான்தான், "நாங்களே பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி," என்று பெருமையடித்துவிட்டு வந்தேன்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மாட்டினோம். அத்தானின் மூக்கிலெல்லாம் கரி. கடைசிக் கண்ணியை அழுத்திப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால், கியர் மாற்றுகிற கூட்டுக்குள் நுழைக்காமல் வெளியிலேயே செயினைப் பூட்டி வைத்திருக்கிறோம். பூட்டிய கண்ணி மறுபடி கழலவில்லை. அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நல்லா மாட்டினோம் போம்! கடைக்கே கொண்டு போவோம் வே." எனக்குத்தான் ரோஷம். நானே முடித்துத் தருகிறேன் என்று சைக்கிளை என் வீட்டுக்கு உருட்டி வந்தேன். பிளையரால் நெம்பியதில் கண்ணி உடைந்தது. கடைக்காரர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு அப்படியே போட்டுவிட்டேன்.

அதற்குள் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் போனில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மாப்ளே, செயின் ஆச்சா?"

"ஆச்சு அத்தான். நல்லா ஓடுது. நீங்க மொதல்ல எந்திரிங்க," என்றேன்.

எழுந்தும் விட்டார். சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேட்டிகூடச் சுற்றாமல், அரைக்கால் சட்டையோடு தன் வீட்டு வாசல் கேட்டில் நின்று போன் செய்தார். "கொண்டு வாரும் வே. தெருமுக்கு வரைக்கும் பைய ஓட்டிட்டு வந்துருதேன்." டயரில் காற்று இல்லை, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றேன். "சரி வே, நாளைக்குன்னா நாளைக்கு," என்றார். ரொம்ப நேரம் கேட்டைப் பிடித்தபடி நின்றதாக அக்கா பிறகு சொன்னாள். மறுநாளும் நான் கொண்டு போகவில்லை. அந்த வாரமே இந்தச் செய்தி வந்துவிட்டது.

அந்தச் சைக்கிளைத்தான் உருட்டிக்கொண்டு போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "அத்தான் வண்டில ஏறாம தள்ளிட்டு வாரான் பாரு. அதுல்லா மரியாத," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். செயின் பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தினேன். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு என்னை இதை எழுதச் சொன்னதும் அந்த மரியாதையை நம்பித்தான். நம்பியவர்களுக்கு உண்மை தெரியட்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆற்றங்கரைக்குப் புறப்பட்டபோது சைக்கிளுக்கு மாலை போட்டு, என்னை முன்னால் போகச் சொன்னார்கள். வெறும் பல்சக்கரத்தை வேட்டியால் மறைத்தபடி உருட்டினேன். வாசலில் அக்கா நின்றாள். சைக்கிள் தன்னைக் கடந்தபோது சட்டென்று அழுகையை நிறுத்திக் காது கொடுத்தாள். செயின் இருந்தால்தான் அது உருட்டும்போது அந்தக் 'கிர்ர்' சத்தம் போடும்.

"ஏலே, சத்தத்தக் காணுமே?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் இறங்கினேன்.

அத்தான், செயின் ஆகவில்லை. போய் வாருங்கள்.