திறக்கத் தெரியாத பானெட்

ஒத்தாவியோ தெல்மாஸ்ட்ரோவின் கையை முதன்முதலாகக் குலுக்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இத்தாலியின் தூரின் நகரத்தில் எங்கள் மாடல் கார் சங்கத்து ஆள் எவன் கையைப் பிடித்தாலும் நகக்கண்ணில் பெயின்ட் இருக்கும், விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும், கட்டைவிரலில் கத்தி கீறிய தழும்பு ஒன்றாவது இருக்கும். இந்த மனுஷனுடைய கை பாதிரியார் கை போல வெளுத்துக் கிடந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். அடிபட்ட கார்களைச் சுற்றி வந்து, எதைச் சொல்லி இழப்பீட்டை மறுக்கலாம் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் அந்தப் புத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடுவோம். அங்கே கொண்டுவந்துவிட்டார்.

நாங்கள் கட்டுவது பிள்ளைகள் தரையில் ஓட்டும் பொம்மைக் கார் அல்ல. நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு. பெட்டியைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் துண்டுகள் கொட்டும். சக்கரத்துக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்ப வேண்டும். ஒரு காரை முடிக்க ஒன்றிரண்டு குளிர்காலம் போய்விடும், பெண்டாட்டியின் பொறுமையும் போய்விடும். இப்படிக் கட்டுகிறவனுக்கு அடுத்தவன் காரை மதிப்பிட ஏது நேரம்? எங்கள் போட்டிகளில் நடுவர் நாற்காலி காலியாகவே கிடந்தது. வேலையில்லாத தெல்மாஸ்ட்ரோ அதில் போய் உட்கார்ந்தார். பல் டாக்டர் வைத்திருக்கும் குச்சிக் கண்ணாடியும் ஒரு குட்டி டார்ச்சுமாக ஒவ்வொரு காரின் வயிற்றுக்கடியிலும் நோட்டம் விடுவார். சங்கத்துச் செலவில் வாங்கும் நெத்திலியை மட்டும் எந்தக் குறையும் சொல்லாமல் சாப்பிடுவார்.

"ஒரு தப்பு போதும். மீதியைப் பார்க்கிறது நேரத்துக்குக் கேடு." இதுதான் அவருடைய வேதம்.

ரேமோ கரில்யோவுக்கு அந்த வேதம்தான் எமனாக வந்தது. ரேமோ செருப்புக்கடை வைத்திருப்பவன், வாயாடி, சட்டென்று கண் கலங்கிவிடுபவன். முப்பதுகளில் ஓடிய ஆல்ஃபா பந்தயக் கார் ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்தான். அதன் எஞ்சினைப் பற்றி அதற்கு முன்பே இரண்டு வருஷம் எங்கள் காதைத் தின்றிருந்தான். பிஸ்டன் ஏறி இறங்குமாம், பெட்ரோல் குழாய்க்கு மூட்டு மூட்டாகப் பித்தளை போட்டிருக்கிறானாம். எங்களிடம்கூடத் திறந்து காட்டவில்லை. மேஜைக்கு வந்ததும் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கட்டும் என்றான்.

தெல்மாஸ்ட்ரோ குனிந்தார், உட்காரும் சீட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"சிவப்புத் தோலா? இந்த வண்டிக்குக் கறுப்புதான். எடுத்துடுங்க."

"சினியோர், எஞ்சினை ஒரு தடவை..."

"சீட்டு நிறமே தெரியாதவன் எஞ்சின்ல என்னத்தைப் பண்ணியிருக்கப் போறான்?"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை. ரேமோ காரைத் துணியில் சுற்றி எடுத்துப்போனான். அதைப் பார்க்கவே பிடிக்காமல் மச்சானிடம் கொடுக்க, அவன் பழைய சாமான் சந்தையில் தள்ளிவிட்டான். ரேமோ சங்கத்துப் பக்கம் வருவதை விட்டான். கடையில் போய்ப் பார்த்தால் செருப்பைப் பற்றி மட்டும் பேசினான். அவனைப் போல வாயாடி வாயை மூடிக்கொண்டால் பார்க்கச் சகிக்காது.

இந்த வசந்தத்தில் நாங்கள் ஒரு வழியாகச் சேர்ந்து ஒரு விதி போட்டோம். நடுவராக இருக்கிறவர் தன் கையால் கட்டிய கார் ஒன்றை மேஜையில் வைக்க வேண்டும். அதை மதிப்பிட வெளியூர் ஆள் வருவார். தெல்மாஸ்ட்ரோவின் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் மனுஷன் பின்வாங்கவில்லை.

"வைக்கிறேன். பார்த்துட்டு வாயைப் பொத்திக்கோங்க" என்றார்.

போட்டி நாளன்று ரேமோவைக் கடையிலிருந்து நான்தான் இழுத்து வந்தேன். உள்ளே நுழைந்து நாலு மேஜை தாண்டியிருப்போம், அவன் என் முழங்கையைப் பிடித்தான். வலித்தது.

"அது என்னோடது" என்றான்.

தெல்மாஸ்ட்ரோவின் பெயர் அட்டைக்குப் பின்னால் அந்த ஆல்ஃபா நின்றது. சீட்டு மட்டும் கறுப்பு.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. சந்தையில் வாங்கியிருக்கிறார். தான் துரத்தியடித்த கார் அது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் என்றைக்குக் காரைப் பார்த்தார்? சிவப்பு சீட்டைக் கறுப்பாக்கியதும் கார் தன்னுடையதாகிவிட்டது என்று அவர் மனதார நம்பியிருப்பார். திருடனுக்காவது தான் திருடன் என்று தெரிந்திருக்கும்.

"கத்திடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்ப்பா. எஞ்சினைத் திறப்பாங்க இல்ல? அதை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாம். ஒருத்தர்கூட இன்னும் பார்த்ததில்லப்பா."

யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, பார்த்தால் போதும் என்கிறான். எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது.

கூனேயோவிலிருந்து வந்திருந்த நடுவர் பாவா அம்மாள், உருண்டையான, நிதானமான பெண்மணி. காரைச் சுற்றி வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

"கம்பி கோத்திருக்கிறது பிரமாதம். எத்தனை நாளாச்சு?"

"கை பழகினவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா, சினியோரா?" என்றார் தெல்மாஸ்ட்ரோ.

"பானெட்டைத் திறங்க."

அவர் பானெட்டின் ஓரத்தில் விரலை விட்டார். அசையவில்லை. குறுக்கே போகும் தோல் வாரை இழுத்தார், அது வெறும் அலங்காரம். பக்கத்துத் துவாரங்களில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். பெயின்ட் தெறித்தது. ரேமோ பக்கத்தில் முனகினான், யாரோ அவன் பல்லைப் பிடுங்குவது போல.

"இது... திறக்காத வகை" என்றார் தெல்மாஸ்ட்ரோ.

"கீல் தெரியுதே. நீங்கதானே வெச்சீங்க?"

"பெயின்ட் பிடிச்சிருக்கு. கத்தி இருந்தா குடுங்க."

யாரோ கத்தியை நீட்டினார்கள். அதற்கு மேல் ரேமோவால் நிற்க முடியவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போனான்.

"கத்தி வேண்டாம். நகருங்க."

"அடுத்தவங்க வண்டியில கை வைக்காதே" என்று சீறினார் தெல்மாஸ்ட்ரோ.

ரேமோ அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்னால் ரேடியேட்டரின் உச்சியிலிருந்த மிளகளவு மூடியை இரண்டு விரலால் பிடித்துக் கால் திருப்பு திருப்பினான். கிளிக் என்றது. பானெட்டை இரண்டு பக்கமும் மடித்து விரித்து வைத்தான்.

பாவா அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ரேமோ பின்சக்கரத்தை மெல்ல உருட்ட, உள்ளே எல்லாம் அசைந்தது. அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பித்தளை மூட்டுகள்கூட இருந்தன. பின்வரிசை ஆட்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். அன்று சிரித்த இரண்டு பேரும் முண்டியடித்து முன்னால் வந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். ரேமோ கண்ணைத் துடைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே இருந்தான்.

பாவா அம்மாள் பெயர் அட்டையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரைச் சொல்லுங்க" என்று ரேமோவிடம் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷத்தில் வாசலைத் தேடியிருப்பார்கள். தெல்மாஸ்ட்ரோ ரேமோவின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினார். கார் தன்னுடையது இல்லை என்றானதும் அவருக்குப் பழைய குரல் திரும்ப வந்துவிட்டது.

"பிளக் ஒயர் கொஞ்சம் தடிமன்" என்றார்.

"ஆமா சினியோர், தடிமன்தான்" என்றான் ரேமோ. "இந்தத் தடவை பார்த்துட்டுச் சொல்றீங்க."