ஃபாரத்தில் இல்லாத கட்டம்

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் வேலை போனதும், வேறு வேலை தேடி பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தற்காலிகக் கூலியான எனக்கு ரேஷன் கார்டு கிடையாது. எஸ்டேட் வேலை நின்றால் அரிசியும் நின்றுவிடும். வழியில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் சர்க்கார் கணக்கெடுக்க வந்தவர் நின்றிருந்தார். என்னைவிட இளையவர், ஒல்லி, மழையில் ஊறிப்போன செருப்பு. ஒவ்வொரு ஃபாரத்தையும் நிரப்புமுன் மர ஸ்கேலை வைத்து ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து, ‘கார்டு இல்லாதவர்’ என்று தலைப்பு எழுதினார்.

“இது அச்சுல இல்லையே சார்?” என்றேன்.

“இல்ல அண்ணாச்சி. ரெண்டு தடவ ஆபீசுல திட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“பெறகு எதுக்கு? கோடு போட்டா அரிசி வந்துருமாக்கும்?”

“வராது. ஒரு ஃபாரத்துல இருந்தா எந் தப்புன்னு அடிச்சிருவாங்க. மலை பூரா இருந்தா, மேல உள்ளவரு ஏன்னு கேட்டுத்தான ஆகணும்? கேட்டாத்தான் கார்டு சட்டத்த மாத்துற பேச்சே வரும். சரி, உங்க பேரச் சொல்லுங்க.”

பேரைச் சொன்னேன். வீடு எது என்று கேட்டார், இல்லை என்றேன். அதையும் அந்தக் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டார்.

மேலே உள்ளவர் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் காலை, மிச்சமிருந்த ஃபாரங்களில் கோடு போடும் வேலையை ஏற்றுக்கொண்டேன். கூலி, அவர் சோற்றில் பாதி.