திங்கட்கிழமை அண்ணி

என் அண்ணிக்கு எங்கள் வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு. திங்கட்கிழமை. வைத்தது என் அண்ணன்தான். அண்ணி எதைத் தொடங்குவதாக இருந்தாலும் அடுத்த திங்கட்கிழமையிலிருந்துதான் என்பார். நடைப்பயிற்சி திங்கட்கிழமையிலிருந்து, கணினி வகுப்பு திங்கட்கிழமையிலிருந்து, சர்க்கரை இல்லாத காபி திங்கட்கிழமையிலிருந்து. நடைப்பயிற்சிக்கென்று ஆசை ஆசையாய் வாங்கிய காலணி இப்போது என் காலில் இருக்கிறது. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் போன் செய்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "அம்மா, இந்த வாரம் என்ன?" என்றுதான் கேட்பாள்.

எல்லாத் திட்டங்களும் ஒரே சொல்லில்தான் முடியும். சில நாட்கள் கழித்து அண்ணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "முடியல" என்பார். அவ்வளவுதான். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "சரி, விடு" என்பார். வீட்டில் 'முடியல' என்றால் கடையைக் கட்டியாயிற்று என்று பொருள்.

ஆனால் அண்ணி வேலை செய்கிற இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. ஒரு பெரிய துணிக்கடையில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறைதான் அவருடைய ராஜ்ஜியம். வாங்கிய உடுப்பு நீளமாக இருந்தால் குறைப்பது, இறுக்கமாக இருந்தால் பிரித்துத் தைப்பது, இதுதான் வேலை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவர் பேசுவது அங்கே பழகியவர்களுக்கு மட்டும்தான் புரியும். யாராவது எட்டிப் பார்த்து, "அக்கா, என் பேண்ட் முடிஞ்சுதா?" என்பார்கள். "முடியல, சாயங்காலம் வாங்க" என்பார். சாயங்காலம் போனால் மடித்துத் தயாராக இருக்கும். தைக்கிற விஷயத்தில் அண்ணி எதையும் பாதியில் விட்டதே இல்லை. வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு எரிச்சலாகவே வரும்.

ஒருநாள் அந்த அறைக்கு ஒரு அம்மாள் நீச்சல் உடுப்போடு வந்தார். அண்ணியைவிட வயது கூட. தோள்பட்டைப் பட்டையைக் குறைக்க வேண்டும், உடனே வேண்டும் என்றார். என்ன அவசரம் என்று அண்ணி கேட்டதற்கு, "நாளைக்கு நான் ஆழத்துக்குப் போறேன்" என்றாராம். அண்ணி அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணம் நிச்சயமான பெண் மாதிரி இருந்தது. "ஆழத்துக்குப் போறேன்னு எவ்வளவு சாதாரணமா சொல்றாங்க தெரியுமா? கடைக்குப் போறேன்ங்கற மாதிரி. நானும் போகப் போறேன்."

அண்ணன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார். "திங்கக்கிழமையிலேருந்தா?"

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. "இதுவும் பாதியில நின்னா இனிமே நான் எதையும் ஆரம்பிக்கவே மாட்டேன். உங்களுக்கும் கேலி பண்ற வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

திட்டத்தைத்தான் பாதியில் விடுவார்; கோபத்தில் சொன்னால் சொன்னதுதான் என்கிற பிடிவாதம் அவருக்கு உண்டு. யோசித்துப் பாருங்கள். அண்ணன் பேருந்து ஓட்டுகிறார். போன வழியிலேயே திரும்பி வருவார், வந்ததும் தூங்குவார். நான் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், வந்ததும் டி.வி. பார்ப்பேன். அந்த வீட்டில் புதிதாக ஒன்றுக்கு ஆசைப்படுகிற ஒரே ஆள் அண்ணிதான். அவரும் ஆசைப்படுவதை நிறுத்திவிட்டால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

மறுநாள் வியாழக்கிழமை. அண்ணி போய் நீச்சல் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வியாழக்கிழமை! நான் நாட்காட்டியை இரண்டு முறை பார்த்தேன்.

முதல் கூத்து உடுப்பில்தான். தையல்காரி கடையில் வாங்குவாரா? இழுத்தால் நீள்கிற துணி எடுத்து முழுக்கையும் முழுக்காலுமாய்த் தானே தைத்தார். பிறகு தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று தொழில் பழக்கத்தில் எல்லாப் பக்கமும் தாராளமாகத் துணி விட்டிருந்தார். தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுப் புகுந்து உடுப்பு பலூனாக உப்பிவிட்டது. அண்ணியைத் தண்ணீருக்குள் அமுக்கவே முடியவில்லை. சொல்லிக்கொடுக்கும் பெண் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். ஓயாமல் விசில் ஊதுவதால் அவளுக்கு அங்கே விசில் என்றுதான் பெயர். நான் அண்ணியின் கண்ணாடியையும் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். அன்றைக்கே ராத்திரி எல்லாத் தையலையும் உள்ளே பிடித்துவிட்டார்.

இந்த முறை அண்ணி போன வழியே வேறு. முன்பெல்லாம் எடுத்த எடுப்பிலேயே, தினமும் ஒரு மணி நேரம், மழையோ வெயிலோ என்று ஊரைக் கூட்டிச் சொல்வார். இப்போது அப்படி எதுவும் சொல்லவில்லை. காலையில் என் வண்டியில் ஏறும்போது, "இன்னைக்கு முகத்தை மட்டும் நனைக்கறேன்" என்பார். இன்னொரு நாள், "இன்னைக்குத் தண்ணிக்குள்ள மூச்சு விட்டுப் பாக்கறேன். அது போதும்."

இவ்வளவுதானா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது.

"புதுத் துணியை நான் எடுத்ததும் மெஷின்ல விடுவேனா?" என்றார். "முதல்ல கையால நூலோட்டம் போடுவேன். பெரிய பெரிய தையலா, லூசா. போட்டுப் பாத்து சரியில்லைன்னா ஒரே இழுப்புல உருவிடலாம். அதனாலதான் பயமில்லாம தைக்கறேன். இத்தனை நாளும் எல்லாத்தையும் நேரா மெஷின்ல விட்டேன் பாரு, அங்கதான் தப்பு."

மறுநாளிலிருந்து, இன்னைக்கு என்ன என்று மட்டும்தான் கேட்டேன்.

நடுவில் ஒரு வாரம் எல்லாம் கவிழ்ந்துவிடும்போல இருந்தது. மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண் சிவந்து வந்தார். உடுப்பைக் கொடியில் போட்டவர் எடுக்கவே இல்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. அண்ணனும் அதைப் பார்த்தார், ஆனால் கேலி பண்ணவில்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது.

ஒரு காலையில் அண்ணி உடுப்பை எடுத்துப் பையில் திணித்தார். "இன்னைக்கு இதைப் போட்டுக்க மட்டும் போறேன். தண்ணியில இறங்கவே மாட்டேன்" என்றார். அப்படியே செய்தார். உடுப்பை மாட்டிக்கொண்டு பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கால் மட்டும் என்று உள்ளே விட்டார். அப்புறம் இடுப்பு. அப்புறம் என்ன, மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவரை வெளியே கூப்பிட வேண்டியிருந்தது.

கடைசியில் தேர்வு நாள் வந்தது. ஆழமில்லாத முனையில் தொடங்கி ஆழமான முனையின் சுவரைத் தொட வேண்டும். காலைத் தரையில் ஊன்றக் கூடாது, கயிற்றைப் பிடிக்கக் கூடாது, யாரும் நம்மைத் தொடக் கூடாது. மூச்சு வாங்கினால் மல்லாந்து மிதக்கலாம். தேறாதவர்கள் அடுத்த ஆண்டுதான் மறுபடி வர முடியும். அன்றைக்கு வீட்டார் வரலாம் என்றார்கள். அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. குளத்துக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

விசில் ஊதினாள். அண்ணி கிளம்பினார்.

பாதி வரைக்கும் என்ன அழகு. கை, கால், மூச்சு, எல்லாம் மெஷின் மாதிரி. நான் கரையோடு கூடவே நடந்தேன், என்னையறியாமல் நானும் கையை வீசிக்கொண்டு நடந்தேன். தரை சட்டென்று கீழே இறங்குகிற இடத்தில் நீல நிறம் கறுப்பாகத் தெரியும். அங்கே வந்ததும் அண்ணி கீழே பார்த்துவிட்டார். கை தடுமாறியது. கால் உதைத்தது. தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. சடாரென்று புரண்டு மல்லாந்தார். வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார்.

விசில் நீண்ட கழியைக் கையில் எடுத்தாள். "முடியலையாக்கா?"

"முடியல" என்றார் அண்ணி.

இத்தனை வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டவர் என் அண்ணன். ஆனால் இந்த முறை 'சரி, விடு' என்று சொல்லவில்லை. செருப்பு, சட்டை, பையில் போன், எல்லாவற்றோடும் தொப்பென்று குளத்தில் குதித்தார். குதித்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அண்ணிக்காக நீட்டிய கழியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது அண்ணன்தான். விசில் அவரைத் தரதரவென்று ஆழமில்லாத பக்கம் இழுத்துப்போய் ஏணியில் மாட்டினாள். இருமலுக்கு நடுவே, "அவளைத் தூக்குங்க, அவளால முடியலைங்கறா" என்று அவர் கத்தினார்.

அண்ணி மல்லாந்தபடியே தலையைத் திருப்பி அண்ணன் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். பிறகு, பேண்ட் கேட்டு வந்தவர்களிடம் சொல்வாரே, அதே குரலில் சொன்னார். "யாரும் தொடாதீங்க. இன்னும் முடியலைன்னுதானே சொன்னேன்?"

புரண்டார். மறுபடியும் கை, மறுபடியும் கால். இந்த முறை கீழே பார்க்கவில்லை. நான் கத்தினேன், வந்திருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள், யாரோ ஒரு குழந்தை காரணம் தெரியாமலே கைதட்டியது. அண்ணியின் விரல்கள் சுவரைத் தொட்டன. நான் அழுதுவிட்டேன். சொல்வதற்கென்ன, ஓவென்று அழுதேன்.

ஓடிவந்த விசிலுக்கு ஊத மூச்சு வரவில்லை. "முடிஞ்சுதாக்கா?" என்றாள்.

"முடிஞ்சுது" என்றார் அண்ணி. அந்த ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சொட்டச் சொட்டக் கரையோடு நடந்து வந்து, ஏணிக்குப் பக்கத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு செருப்பு எங்கோ மிதந்துகொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"நீ இல்லாம எப்படிம்மா?" என்றார் அண்ணன். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "நானும் கத்துக்கறேன்" என்றார். "திங்கக்கிழமையிலேருந்து."

அண்ணி அவருடைய சட்டைப் பையிலிருந்து தண்ணீர் ஒழுகும் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை எதுக்கு? தண்ணியிலதானே நிக்கறீங்க. இன்னைக்கு முகத்தை மட்டும் நனைங்க, அது போதும்" என்றார்.

அண்ணன் ஏணியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். ஒரு கையை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தலையைத் தண்ணீருக்குள் விட்டார்.