ஆளுக்கொரு கை பருப்பு

போன வாரம் கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண். காதில் வெள்ளையாக எதையோ செருகிக்கொண்டு, போனைப் பார்த்துத் தானாகச் சிரிக்கிறாள். எனக்கு உடனே சந்தேகம். என் கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன், முந்தானையைச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. “என்னத்தா சிரிப்பு?” என்று கேட்டுவிட்டேன். ஒரு காதை மட்டும் விடுவித்து, “சீரியலு அப்பத்தா. செம ட்விஸ்டு” என்றாள். என்ன ட்விஸ்டு என்று சொல்வாளாக்கும் என்று காத்திருந்தேன். மறுபடி செருகிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன்னல் வழியாக வந்தது பாருங்கள் ஒரு புகை! ரோட்டோரம் முந்திரிக்கொட்டை வறுக்கிறார்கள். உங்களுக்கு முந்திரி என்றால் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு விரல் தோல் உரிகிறது ஞாபகம் வரும். கொட்டையில் இருக்கிற எண்ணெய் பட்டால் தீப்பட்ட மாதிரி வெந்துவிடும். சாம்பலைக் கையில் தடவிக்கொண்டுதான் உடைப்போம். பதினோரு வருசம் உடைத்தேன். படிப்பு மூன்றாவதோடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் இதையும் எழுதுகிறேன். ஆனால் என் கையில் முழுப் பருப்பு இரண்டாய்ப் போனது என்று எவளும் சொன்னதில்லை.

கொட்டகையில் ஒன்பது பேர் வட்டமாக உட்காருவோம். எங்களில் யார் வீட்டிலும் டிவி இல்லை. வள்ளிக்கண்ணு மட்டும் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய் ராத்திரி சீரியல் பார்த்துவிட்டு, காலையில் வந்து எங்களுக்குச் சொல்லுவாள். சும்மா சொல்ல மாட்டாள். மாமியார் மாதிரி மூக்கை விடைப்பாள், மருமகள் மாதிரி உதட்டைக் கடிப்பாள். கதை சொல்கிறவளுக்குக் கை ஓடாது இல்லையா? அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். சாயங்காலம் மேஸ்திரி கூலிக்கு எடை போடுவதற்கு முன்னால், ஆளுக்கு ஒரு கை உடைத்த பருப்பை அவள் கூடையில் போட்டுவிட வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நானும் போட்டேன். அள்ளும்போது விரலை இறுக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன், அது வேறு விசயம்.

அவள் கதையில் இங்கிலீசு நிறைய வரும். அதிலேதான் எனக்கு முதல் சந்தேகம். ஒரு நாள் பெரிய மருமகள் செத்துப்போனாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “ஐயாம் சாரி” என்றாராம்.

“அப்ப டாக்டருதான் கொன்னுருக்கான்” என்றேன்.

“இல்லக்கா. இங்கிலீசுல துக்கத்துக்கும் அதான் சொல்லுவாக.”

“தப்புப் பண்ணாதவன் எதுக்குடி மன்னிப்புக் கேக்குறான்? வாத்தியாரு மாதிரி பேசாத.”

எல்லாரும் என் பக்கம்தான். ஆனால் எங்கள் வட்டத்துப் பாப்பாத்தி மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு, அந்த வாரம் ஒரு கேத வீட்டுக்குப் போனவள், கட்டிப்பிடித்து அழாமல், “சாரிக்கா” என்று நின்றிருக்கிறாள். அந்த வீட்டுக்காரி அழுகையை நிறுத்திவிட்டு, “எங்க ஆத்தாள நீ என்னடி பண்ணுன?” என்று கேட்டாளாம். கொட்டகையே உருண்டு சிரித்தது.

சிரித்தாலும், பெரிய மருமகள் செத்த அன்றைக்கு எங்களுக்குக் கொட்டை உடைக்கிற கட்டையே ஓடவில்லை. அவள் பிள்ளை முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து, யார் கூப்பிட்டும் சோறு தின்ன வரமாட்டேன் என்றதாம். வள்ளிக்கண்ணு அதைச் சொல்லி முடித்தபோது மேஸ்திரிகூட மூக்கை உறிஞ்சினார். அன்றைக்கு நான் விரலை இறுக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் கீரனூரில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. போனேன். ராத்திரி அவர்கள் வீட்டு டிவியில் அதே சீரியல். அதே வீடு, அதே மாமியார். செத்துப்போன பெரிய மருமகள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சோபாவில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறாள்!

“இவ சாகலையா?” என்றேன்.

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இவளா? இவ எதுக்கு சாகணும் நாத்தனா? நல்லாத்தான இருக்கா.”

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் கொட்டகைக்குப் போய் முதல் வேலையாக எல்லார் முன்னாலும் கேட்டேன். வள்ளிக்கண்ணு முகம் சுண்டிப்போனது. “அது பழசுக்கா. திருப்பிப் போட்டுருப்பாக” என்றாள்.

“நேத்து ராத்திரி வந்ததுதான். அண்ணிகிட்ட கேட்டுட்டேன். உள்ளதச் சொல்லு, உன் தங்கச்சி வீட்டுல டிவி ஓடுதா ஓடலையா?”

“கேபிள அறுத்து விட்டு ஆறு மாசமாச்சு” என்றாள். கொட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல.

ஆறு மாசக் கதையும் அவளாகக் கட்டியது! அன்றைக்குச் சாயங்காலம் நான் என் பருப்பை என் கூடையோடு வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்து பாப்பாத்தி. அவளைப் பார்த்து மற்றவர்கள். வள்ளிக்கண்ணு கூடை எடைக்குப் போனபோது மேஸ்திரி தராசுத் தட்டைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. வந்த புதிதிலேயே எண்ணெய் தின்ற விரல்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியாமல் இல்லை. நாலு நாள் பார்த்தார் மேஸ்திரி. ஐந்தாம் நாள் அவள் வரவில்லை.

நான் கேட்டது நியாயம்தான். இப்போதும் சொல்வேன். ஆனால் அதற்கப்புறம் கொட்டகையில் கட்டைச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச டிவி வீட்டுக்கு வீடு வந்தது. நானே ஒரு நாள் ஆரம்பித்தேன். முந்தின ராத்திரி பார்த்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். “நாங்களும் பாத்தோம்க்கா” என்றாள் ஒருத்தி. சாயங்காலம் என் கூடையில் ஒரு பருப்பு விழவில்லை.

அப்புறம் உடைக்கிறதுக்கு மெஷின் வந்தது. கொட்டகை போன இடத்தில் இப்போது பைக் விற்கிறார்கள். ஒன்பது பேரும் திசைக்கொருத்தியாகப் போனோம். வள்ளிக்கண்ணு எங்கே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன். திருப்பூரில் இருக்கிறாள் என்றாள் ஒருத்தி. மகள் வீட்டோடு அறந்தாங்கிப் பக்கம் என்றாள் இன்னொருத்தி. போன தை மாதம் வல்லத்திராக்கோட்டையில் பாப்பாத்தியைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ செத்து ரெண்டு வருசம் ஆச்சேக்கா, ஒனக்குத் தெரியாதா?” என்றாள்.

“நீ போயிப் பாத்தியா?” என்றேன்.

பார்க்கவில்லையாம். யாரோ சொன்னார்களாம்.

நான் நம்பவில்லை.