டோரதிக்குக் காவல் வைத்த பெட்டி

ரேமண்டண்ணனின் வேலையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். கணினியைத் தூங்க வைப்பதற்குச் சம்பளம். பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் கம்பெனியில் அவர் எனக்குப் பக்கத்து மேசை. வேலையில்லாத நேரத்தில் பிராசசர் மின்சாரத்தைத் தின்னாமல் எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்று இயங்குதளத்துக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆழ்ந்த தூக்கத்தில் பிராசசரின் சொந்தக் கடிகாரமும் நின்றுவிடும். எழுப்பும் பொறுப்பை வெளியே இன்னொரு கடிகாரத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அது தூங்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால், யாராவது கீபோர்டைத் தொடும்வரை எழாது.

அதனால் சோதனையில் இருக்கும் கணினியை எங்கள் லேபில் யாரும் தொடக்கூடாது. தொட்டால் விழித்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாததுபோல் நடிக்கும். தொட வந்த மேனேஜரையே அண்ணன் விரட்டியிருக்கிறார்.

அவர் மனைவி டோரதிக்குத் தசை தளரும் நோய். ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் படுத்த படுக்கை. பகலில் பார்த்துக்கொண்ட பெண் நின்றுவிட்டாள். அண்ணன் தன் வேலையை விட்டால் மருத்துவக் காப்புறுதி போய்விடும். அண்ணன் கட்டிலருகே ஒரு சின்னக் கணினிப் பெட்டியை வைத்தார். மெத்தைக்கடியில் ஒரு உணரி. பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து மூச்சைப் பார்க்கும். தளர்ந்தால் அவர் கைப்பேசிக்கு அழைக்கும். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்க வேண்டுமென்று அதை ஆழமாகத் தூங்கவிட்டார்.

சோதிக்கும்போது டோரதியை மூச்சடக்கச் சொன்னார். கைப்பேசி அடித்தது. மறுபடியும் அடித்தது.

"போதும்லா, முடியல எனக்கு," என்றாராம் டோரதி.

அவருக்கு மூச்சு இளைத்ததைக் காணப் பொறுக்காமல் அண்ணன் அத்துடன் விட்டுவிட்டார். சோதனை முடியும்வரை கீபோர்டு அண்ணன் மடியிலேயே இருந்தது. விரல் பட்டுக்கொண்டே இருந்ததால் பெட்டி ஒருமுறைகூட ஆழமாகத் தூங்கவில்லை. எழுப்பும் பொறுப்பை ஒப்படைக்க மறந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மேனேஜரை விரட்டிய மனிதர் இவர்தான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் முழுக்கக் கைப்பேசியை மேசையிலேயே வைத்திருந்தார். "பாத்தியா பிரமிளா, சத்தமே இல்ல. நல்லா இருக்கா," என்றார்.

அவர் கார் பழுதாகிக் கிடந்ததால் மாலையில் நான்தான் வீட்டில் விட்டேன். டோரதியைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மேலே சென்றேன். டோரதியின் கை சில்லிட்டுப் போயிருந்தது. எப்போதோ முடிந்துவிட்டது.

அண்ணன் அழவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீபோர்டில் ஒரு விரலை வைத்தார்.

அவர் சட்டைப்பையில் கைப்பேசி அடிக்கத் தொடங்கியது. அவர் எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.